கண் திறக்குமுன் ஒரு சொல்

பச்சைமுத்து எனக்குக் கொழுந்தன். என் வீட்டுக்காரர் அப்பாவுவோடு கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தியை ஆத்தூரிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு அடுத்தவன் இவன். இவனைப் பெற்ற வருஷமே என் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டதால், மாமனாருடைய தம்பி சம்சாரம் அருக்காணி, எனக்குச் சின்ன மாமியார் முறை, தன் பிள்ளையோடு பிள்ளையாக இவனுக்கும் பால் கொடுத்து வளர்த்தாள். அதனால் இவன் எதைச் செய்தாலும் அவளுக்கு அழகுதான். இந்தக் கதைக்கு அது வேண்டும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டெல்லிக்கு நாங்கள் மொத்தக் குடும்பமாக வந்தோம். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் சித்தாளாகவோ, ஆபீசர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கவோ போனோம். மோதி பாகுக்குப் பின்னால் ரயில் பாதை ஓரமாக எங்கள் குடிசைகள். ஜுக்கி என்பார்கள் அங்கே. முக்கால்வாசிப் பேர் ஆத்தூர், கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சனம். பச்சைமுத்துவும் முதலில் அண்ணனோடு போய்ச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். அடித்து முடித்த சுவரில் கரித்துண்டால் ஒரு மயில் போட்டுவிடுவான். மேஸ்திரி கத்துவார். மறுபடியும் அடிப்பான்.

"அப்பாவு, உன் தம்பிக்குக் கூலி குடுக்கிறதா, அவன் மயிலுக்குத் தீனி போடுறதா?" என்று மேஸ்திரி கேட்டதை என் வீட்டுக்காரர் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் தரியாகஞ்ச் பக்கம் சினிமா பேனர் எழுதுகிற ஒரு கடையில் சேர்ந்தான். தியேட்டர் வாசலில் மாடி உயரத்துக்கு நிற்குமே, அந்தப் படங்கள். அங்கே வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். கட்டம் போடுகிறவர் ஒருவர், அடிவர்ணம் அடிக்கிறவர் ஒருவர், எழுத்து எழுதுகிறவர் ஒருவர். கண், மூக்கு, வாய் மூன்றும் முதலாளிக்கு மட்டும். மாஸ்டர்ஜி என்று கூப்பிடுவார்கள். வேறு ஒருத்தரும் முகத்தைத் தொட முடியாது. பச்சைமுத்துவுக்குக் கிடைத்தது கன்னமும் கழுத்தும். கதாநாயகி கன்னத்துக்கு ரோஸ் கலந்து கலந்து அவன் நகக்கண்ணெல்லாம் ரோஸாகிவிட்டது.

"என்ன கொழுந்தனாரே, பாலிஷா?" என்று கேலி செய்வேன்.

"சிரிங்க அண்ணி. ஒருநாள் முழு முகம் நானே போடுறேன் பாருங்க. போட்டாத்தான் தெரியும், நான் பெயின்டரா, இல்ல சுண்ணாம்புக்குப் பதிலா ரோஸ் அடிக்கிறவனான்னு."

அந்தக் கடையில் எழுத்து எழுதியவர் ஷராஃபத் பாய். பழைய டெல்லிக்காரர். உருதுவும் இந்தியும் அவர் தூரிகையில் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே டம்ளரில் டீ. ஒருத்தர் வேலையை ஒருத்தர் விட்டு வைக்கமாட்டார்கள். "பாய், உன் எழுத்து படுத்துத் தூங்குது, எழுப்பு" என்பான் இவன். "உன் ஹீரோயின் கழுத்து வீங்கியிருக்கு, டாக்டர்கிட்ட காட்டு" என்பார் அவர். அப்படிப் பேசிக்கொள்ளாத நாளில் பச்சைமுத்து வீட்டுக்கு வந்தால் முகம் தொங்கிப்போய் இருக்கும்.

இனி அம்மன் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஜுக்கியில் மாரியம்மன் என்றால் முதலில் ஒரு கல்தான். மஞ்சள் பூசி வேப்பமரத்தடியில் வைத்திருந்தோம். ஒரு தடவை குடிசைகளை இடிக்கச் சர்க்கார் லாரி வந்தது. பாத்திரத்தை எடுத்தோம், பிள்ளைகளை எடுத்தோம், லாரி அள்ளிய மண்ணோடு அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் இன்னொரு கல் வைக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. வருஷா வருஷம் ஆடியில் வெறும் மரத்துக்கே கூழ் ஊற்றினோம். ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகள் ஆரம்பித்த வருஷம், எங்கள் ஆட்களுக்குத் தலைவராக இருந்த பெரியண்ணன் ஒரு யோசனை சொன்னார்.

"தகரத்துல எழுதி வெச்சிட்டா என்னா? மறுபடி இடிக்க வந்தாக்கூட அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஓடிடலாம்."

"ஆத்தாவை அக்குள்லயா?" என்றாள் அருக்காணி.

"சரி ஆயா, தலையில தூக்கிக்கிட்டு ஓடலாம். போதுமா?"

எழுதுவதற்குப் பச்சைமுத்து இருக்கும்போது வேறு ஆளை எதற்குத் தேடுவது? நெஞ்சு உயரத்துக்கு ஒரு தகரம் வாங்கிச் சட்டம் அடித்துக் கொடுத்தார்கள். அவனுடைய முதல் முழு முகம் ஆத்தா முகமாக அமைந்தது. கடை விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவான். கிரீடம், வேப்பிலை, சூலம், தாலி எல்லாம் வந்துவிட்டது. முகமும் வந்துவிட்டது. கண்மணி இரண்டும்தான் பாக்கி.

சாமி படத்துக்குக் கண்மணி கடைசியில்தான் வைப்பது. அதுவரைக்கும் அது தகரம், அதன் மேல் வர்ணம், அவ்வளவுதான். கண் திறந்து கற்பூரம் காட்டிவிட்டால் ஆத்தா வந்து உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் மூக்கு கோணல், வாய் கோணல் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, தொட்டுத் திருத்தவும் கூடாது. ஆகவே குறை கேட்கிறவன் அதற்கு முன்னால்தான் கேட்க வேண்டும்.

பச்சைமுத்து கேட்டான். எங்கள் வாசலில் தகரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, வருகிற ஒவ்வொருத்தரையும் கேட்டான்.

"அம்மனே நேர்ல வந்த மாதிரி இருக்குப்பா."

"கொறை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

"கொறையா? உனக்கென்ன கிறுக்கா?"

ஜுக்கியே வந்து பார்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டது. போய்விட்டது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"எல்லாரும் நல்லாருக்குங்கிறாங்க அண்ணி."

"நல்லாருந்தா நல்லாருக்குன்னுதானே சொல்லுவாங்க?"

"பார்க்காமலே சொல்றாங்க. அருக்காணி சின்னாத்தா வந்தப்போ தகரம் செவுத்தைப் பார்த்துத் திரும்பியிருந்துச்சு. அப்பவே 'என் கண்ணு, எப்படிப் போட்டிருக்கான் பாரு'ன்னுச்சு." அவன் சிரிக்கவில்லை. "வரையறவங்க யாராச்சும் பார்க்கணும். கை எந்த எடத்துல பொய் சொல்லுதுன்னு வரையறவங்களுக்குத்தான் தெரியும்."

வரைகிறவர் ஒருவர் எனக்குத் தெரியும். லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் நான் வேலை பார்த்த வீட்டு அம்மா, சுந்தரவல்லி. வீட்டுக்காரர் கஸ்தூரிரங்கன் ஐயா ஆபீசில் பெரிய உத்தியோகம். அந்த அம்மா தஞ்சாவூர்ப் படம் போடுவார்கள். பலகையில் துணி ஒட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு வைத்து. முன்கூடத்தில் அவர்கள் போட்ட, மெத்தை மேல் உட்கார்ந்த வெண்ணெய்க் கிருஷ்ணன் மாட்டியிருக்கும். வருகிற விருந்தாளியெல்லாம் அதைப் பார்த்து ஆஹா என்ற பிறகுதான் செருப்பையே கழற்றுவார்கள்.

தகரத்தை என் பழைய சேலையில் சுற்றிச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, திருட்டுக் கதவா என்று கேட்டார். பிரித்துக் காட்டினதும் அவரும் கும்பிட்டார். அவரிடமும் குறை கேட்க இவன் வாயைத் திறந்தான். நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சுந்தரவல்லி அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

"பேஷ், ரொம்ப நன்னாருக்கு. கலர் ஜோரா இருக்கு."

இவன் சுவரிலிருந்த கிருஷ்ணனைப் பார்த்தான். "இதுவும் ரொம்ப நல்லாருக்குங்கம்மா. கல்லெல்லாம் என்னமா மின்னுது!"

அவர்கள் மகள் ருக்கு, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்து காலேஜில் படிக்கிற பெண், தகரத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும்போது பச்சைமுத்து சொன்னான்: "கலர் ஜோரா இருக்குன்னா என்னா அர்த்தம் தெரியுமா அண்ணி? நான் கல்லு மின்னுதுன்னு சொன்னேனே, அதே அர்த்தம்."

கடைசியில் ஷராஃபத் பாயைக் கூப்பிட்டான். முதலில் கூப்பிடாததற்குக் காரணம், அவர் வேற்று மதத்துக்காரர், சங்கடப்படுவார் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் உருதுப் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். தகரத்துக்கு முன்னால் நின்றார். பக்கவாட்டில் போய் நின்றார். குந்தி உட்கார்ந்து பார்த்தார். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் இந்தி. எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"சொல்லு பாய்."

"என்ன சொல்றது? இது உங்க சாமி. நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லி, நாளைக்கு உங்க ஆளுங்க என் பல்லை உடைக்கவா?"

"கண்ணு தெறக்கல பாய். இப்ப இது தகரம். நீயும் நானும் தினம் அடிக்கிற அதே தகரம். தியேட்டர் வாசல்ல என் கழுத்து வீங்கியிருக்குன்னு கத்துறவன், இங்க வந்து வாயில வெல்லம் வெச்சிருக்கே?"

"தகரம்தானே? சத்தியமா?"

"சத்தியமா."

அவர் பேப்பரைப் பிரித்தார். ஒரு தாளைக் கிரீடத்தின் மேல் வைத்து, "பிடி" என்றார். இன்னொரு தாளால் கழுத்துக்குக் கீழே தாலி, வேப்பிலை, சூலம் எல்லாவற்றையும் மூடினார். முகம் மட்டும் மிச்சம். வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"யே கௌன் ஹை?" இது யார்?

ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாம் ஒரே குரலில் ஒரு பேரைச் சொல்லிக் கத்தின. அந்த வருஷம் டெல்லி முழுக்க ஓடிய இந்திப் படத்தின் கதாநாயகி பேர். அந்த அம்மாள் பேரை இங்கே எழுதவில்லை, அவர்மேல் என்ன தப்பு? ஒரு வாண்டு இடுப்பில் கை வைத்து அந்தப் படத்து ஆட்டத்தையே ஆடிக் காட்டியது.

பச்சைமுத்து பேப்பரைப் பிடித்த கையோடு எட்டிப் பார்த்தான். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிய கழுத்து. தூக்கிய தாடை. நெற்றியில் சுருண்டு விழுந்த ஒரு கற்றை முடி. ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற உதடு. ரோஸ் கன்னம். ஆத்தா தலையில் கிரீடத்தை வைத்துக்கொண்டு சினிமாக்காரி நின்றிருந்தாள்.

"நீ தகரத்தைத் திருப்பி வெச்சப்பவே எனக்குத் தெரியும்" என்றாள் அருக்காணி.

"தெரிஞ்சா ஏன் சின்னாத்தா சொல்லல?" பச்சைமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆத்தாவைப் பார்த்து நீ சினிமாக்காரி மாதிரி இருக்கேன்னு எவடா சொல்லுவா? மறுநாள் எனக்கு அம்மை போட்டா நீயா வந்து வேப்பிலை கட்டுவே?"

சத்தம் கேட்டுப் பெரியண்ணன் வந்துவிட்டார். பேப்பரை எடுக்கச் சொல்லிப் பார்த்தார், மூடச் சொல்லிப் பார்த்தார். "நல்லவேளை. இதுக்கு முன்னால நான் விழுந்து கும்பிட்டிருந்தா என் பொண்டாட்டி என்னை உண்டில்லைன்னு ஆக்கியிருப்பா. பச்சமுத்து, கோவிச்சுக்காதே. கரோல் பாக்ல அச்சுப்படம் கெடைக்குது. கண்ணாடி போட்டு வாங்கியாறேன். ஆடி கடைசி ஞாயிறு வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள உன்னால ஆச்சுன்னா உன்னுது, இல்லைன்னா அச்சுப்படம்."

அவர் போனதும் பச்சைமுத்து உப்புத்தாளை எடுத்து முகத்தைச் சுரண்டப் போனான். ஷராஃபத் பாய் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிக்கிறது அப்புறம். அவ எங்கெங்க இருக்கான்னு முதல்ல பாரு. இது நீ போட்டதில்லை, உன் கை போட்டது. தினமும் அவ கன்னத்தையே அடிச்சு அடிச்சு, கை தூக்கத்துல நடக்குது."

"ஒண்ணு மட்டும் சொல்லு பாய். எனக்கு முகம் வருமா, வராதா? வராதுன்னா சொல்லிடு, விட்டுடறேன். கன்னம் அடிச்சுக்கிட்டே காலத்தைத் தள்ளிடறேன்."

அவர் யோசித்துத்தான் சொன்னார். "அவ போட்டோ ஒண்ணுகூட எதிர்ல இல்லாம, பிள்ளைங்க பேர் சொல்ற மாதிரி போட்டிருக்கே. வராதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? முகம் வருது. யார் முகம்னுதான் இன்னும் உனக்குத் தெரியலை."

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது, "நானும் வரேன் அண்ணி" என்று கூடவே வந்தான். கையில் தகரம் இல்லை.

சுந்தரவல்லி அம்மா கூடத்தில் உட்கார்ந்து படத்துக்குப் பதிக்கக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவன் வாசல் நிலையைத் தாண்டாமல் நின்றபடியே ஆரம்பித்தான்.

"அம்மா, கோவிச்சுக்கக்கூடாது. அன்னிக்கு நீங்களும் பொய் சொன்னீங்க, நானும் பொய் சொன்னேன். இன்னிக்கு நீங்க நெசம் சொல்லுங்க, நானும் சொல்றேன்."

எனக்கு வேலை போச்சு என்றே முடிவு கட்டினேன். உள்ளேயிருந்து ருக்கு ஓடி வந்தாள்.

"மம்மி, நான் அன்னிக்கே போலா தா! ஹீரோயின் மாதிரி இருக்குன்னு! நீதான் சுப் ரஹோன்னே!" அன்றைக்கே சொன்னேன், நீதான் வாயை மூடச் சொன்னாய் என்கிறாள்.

"போடி உள்ளே" என்றார்கள் அந்த அம்மா. முகம் சிவந்துவிட்டது. இவனைப் பார்த்து, "நீ என்ன பொய் சொன்னே?" என்றார்கள்.

"கல்லு மின்னுதுன்னேன்ங்க."

"மின்னலையா?"

"மின்னுதுங்க. ஆனா கொழந்தை மெத்தை மேல உக்காரலீங்க. மெத்தைக்கு முன்னால தொங்குது."

அந்த அம்மா எழுந்து கிருஷ்ணனுக்கு அருகில் போனார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்கள், போட்டுப் பார்த்தார்கள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை.

"தொங்கறான்! ஆமாம், ஆணியில மாட்டின மாதிரி தொங்கறான்! மாட்டின நாள்லேர்ந்து எனக்கு என்னமோ உறுத்திண்டே இருந்தது. கேட்டா, வரவா போறவா எல்லாம் ஆஹாங்கறா. இவர் ஆபீஸ் மனுஷா, பின்னே என்ன சொல்லுவா? ஏன்ப்பா, இதை எப்படிச் சரி பண்றது?"

"தொடைக்கு அடியில மெத்தை அமுங்கணுங்க. கொஞ்சம் நெழல். பேனர்ல நெழல் இல்லைன்னா ஹீரோ குதிரை மேல பறப்பான்."

"இரு, இரு." ஒரு பென்சிலை எடுத்து மெத்தையில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு இவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். "இப்போ என் பாக்கியைச் சொல்றேன். ஜாடையை விடு, அது யாருக்கும் தெரியறது. உன் அம்மன் யாரைப் பார்க்கறா? கண் வைக்கலைன்னாலும் முகம் வேற எங்கேயோ போறது. சினிமாக்காரி அப்படித் திரும்பலாம், யாரோ கூப்பிடறா. இவளை யாரும் கூப்பிட்டுத் திருப்ப முடியாது. எதிர்ல வந்து நிக்கறவாளை இவதான் பார்க்கணும். நேரா. ரெண்டு கன்னமும் சமமா."

பச்சைமுத்து தலையைச் சொறிந்தான். "நேரான மொகத்துக்கு நான் வர்ணம் அடிச்சதே இல்லைங்கம்மா. பேனர்ல எல்லாரும் ஒருக்களிச்சுத்தான் நிப்பாங்க."

"நான் மட்டும் என்ன, மெத்தையில உட்கார்ந்த குழந்தையைப் பார்த்தேனா? காலண்டரைப் பார்த்தேன். போய்ப் பாரு, நானும் பார்க்கறேன்."

மறுநாள் காலையில் பச்சைமுத்து தண்ணீர்க் குழாயடியில் போய் உட்கார்ந்துவிட்டான். குழாய்க்குப் பின்னால், கையில் பழைய பேப்பரும் கரித்துண்டும்.

"ஏன்டா, பொம்பளைங்க தண்ணி பிடிக்கிற எடத்துல உனக்கென்னடா வேலை?" என்று ராஜாத்தி குடத்தை ஓங்கினாள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், வாய்க்குப் பேர்போனவள்.

"விடுங்கடி, ஆத்தாவுக்கு மூஞ்சி தேடுறான்" என்றாள் அருக்காணி.

"அப்ப என்னைப் போடுடா."

"உன்னைப் போட்டா ஊரே காலியாயிடும். இடிக்க லாரி வேண்டியதில்லை."

சிரிப்பும் ஏச்சுமாகத்தான் இருந்தது. ஆனால் குழாய் கொர்ரென்று இழுக்கும் பாருங்கள், தண்ணீர் வருமா வராதா என்று தெரியாத அந்த நேரம், அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குழாய் வாயையே பார்ப்போம். நேராக. குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அத்தனை முகமும் நேர் முகம். அதன்பிறகு தினமும் காலையில் அங்கேதான் இருந்தான். ஒருத்தரும் அவனை விரட்டவில்லை. ராஜாத்தி மட்டும் தலை சீவிக்கொண்டு தண்ணீருக்கு வர ஆரம்பித்தாள்.

பழைய முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டான். ரோஸ் டப்பாவை என்னிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னான், கை தானாகப் போய்விடுமாம். செம்மண்ணும் மஞ்சளும் கலந்த நிறத்தில் முகம் ஏறிவந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நெற்றி ஆத்தூரில் இருக்கிற நாத்தனார் நெற்றி, அந்த அகலம் என் மாமனார் வழி. மூக்கு அருக்காணியினுடையது, தளர்வதற்கு முன்னால் இருந்த மூக்கு. தாடை ராஜாத்தியா, அவள் அக்காளா என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அவனிடம் கேட்டேன். "நான் யாரையும் போடலையே அண்ணி" என்றான்.

ஆடி கடைசி ஞாயிறு வந்தது. கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பெரியண்ணன் கண்ணாடி போட்ட அச்சுப்படத்தைத் துண்டில் சுற்றித் தயாராகக் கையிலேயே வைத்திருந்தார். பச்சைமுத்து குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். கண்மணி இன்னும் வைக்கவில்லை. ஷராஃபத் பாய்க்காகக் காத்திருந்தான்.

அவர் வந்தார். பேப்பரைப் பிரித்தார். மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"யே கௌன் ஹை?"

பிள்ளைகள் பார்த்தன. ஒன்றும் கத்தவில்லை. ஒரு பெண் குழந்தை, "மௌசி?" என்றது, சித்தியா என்று. "நஹீ, சாச்சி" என்றது இன்னொன்று, இல்லை, சித்தப்பா சம்சாரம் என்று. அதுகளுக்குள் சண்டை வந்துவிட்டது, ஆளுக்கு ஒரு சொந்தக்காரி பேரைச் சொல்லி.

பின்னால் சளப் சளப் என்று சத்தம் கேட்டது. அருக்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கிரீடம், சூலம் எல்லாம் மூடியிருக்கே. எதுக்குக் கும்பிடறீங்க?" என்று ஷராஃபத் பாய் கேட்டார். நான்தான் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

"மூடினா என்னா? அவ என்னைப் பார்க்கிறாளே. கண்ணு வெக்கிறதுக்கு முன்னாலயே பார்க்கிறா. முன்னால வரச் சொல்லுடி அந்தத் தம்பியை, அவரையும் பார்க்கிறா."

பெரியண்ணன் துண்டைப் பிரிக்கவில்லை. அப்படியே அச்சுப்படத்தைத் தன் சம்சாரத்திடம் கொடுத்து, "நம்ம வீட்ல மாட்டு" என்றார்.

பச்சைமுத்து அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. ஷராஃபத் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பேப்பரை நிதானமாக மடித்தார்.

"முகம் சரி" என்றார். "கழுத்து சரி. யார் சாயலும் இல்லை, எல்லார் சாயலும் இருக்கு. ஆனா அந்த இடது காது இருக்கே, அது காதா? ஒட்டவெச்ச பூரி."

பச்சைமுத்து முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பின்னால் அவனுக்குக் கல்யாணம் ஆன அன்றைக்குக்கூட நான் அதைப் பார்க்கவில்லை.

"நேரமாச்சு, காதெல்லாம் யார் பார்க்கப் போறா" என்று பெரியண்ணன் அவசரப்படுத்தினார். ஒரு வேட்டியை விரித்து மறைப்பாகப் பிடித்தோம். பச்சைமுத்து இரண்டு கண்மணியையும் வைத்தான். கற்பூரம் ஏற்றினார்கள். பெண்கள் குலவை போட்டோம். அதோடு தகரம் போய் ஆத்தா வந்துவிட்டாள். இனி அந்தக் காதை யாரும் தொட முடியாது.

"காது?" என்று அவனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இருக்கட்டும் அண்ணி. காது தப்புன்னு சொன்னான் பாருங்க, அதனாலதான் முகம் சரின்னு அவன் சொன்னதை நம்புறேன்."

கூழ் ஊற்றுகிற நேரத்துக்கு ஆட்டோவில் சுந்தரவல்லி அம்மாவும் ருக்குவும் வந்தார்கள். அந்த அம்மா ஆத்தாவுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பார்வை ஒரு இடத்தில் நின்றது. பச்சைமுத்துவைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண் திறந்தாகிவிட்டதே, இனி என்ன சொல்ல முடியும்?

"ஏன்ப்பா, மாலையை இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் போடேன். இன்னும் லட்சணமா இருக்கும்" என்றார்கள்.

மாலை இடது காதின் மேல் ஏறியது. போகும்போது என்னிடம், "செங்கம்மா, கிருஷ்ணன் இப்போ உட்கார்ந்துட்டான்னு உன் கொழுந்தன்கிட்ட சொல்லு. வந்து பார்த்துட்டு இன்னும் என்ன தப்புன்னு சொல்லச் சொல்லு" என்றார்கள்.

மாஸ்டர்ஜி கடைசிவரைக்கும் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. கடையில் கன்னமும் கழுத்தும்தான். ஆனால் வெளியே மற்ற ஜுக்கிக் கோயில்களுக்கு, தாபாக்களுக்கு, முடிவெட்டுகிற கடைகளுக்கு அவன் எழுதிக் கொடுத்த முகங்கள் எத்தனையோ. எந்த முகமானாலும் கண்மணி வைக்காமல் நிறுத்திவிட்டு ஷராஃபத் பாய்க்கு ஆள் அனுப்புவான். அவரும் ஒரு போர்டு எழுதி முடித்தால் இவனைக் கூப்பிடாமல் காசு வாங்கமாட்டார். சுந்தரவல்லி அம்மா வீட்டுக்காரருக்கு மாற்றலாகிப் போகிறவரைக்கும் மாதம் ஒருமுறையாவது இவன் லோதி ரோடு போய்வருவான். ஒருத்தர் படத்தை ஒருத்தர் கிழிகிழியென்று கிழிப்பார்கள், நான் காபி போட்டுக் கொடுப்பேன்.

அதற்கப்புறமும் ஒரு இடிப்பு வந்தது. பெரியண்ணன் சொன்னபடி ஆத்தாவைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் ஓடினோம். புது இடத்திலும் மாலையை இடது காதை மூடித்தான் போடுகிறார்கள். புதிதாகக் கட்டி வந்த மருமகள்களுக்கு அதுதான் எங்கள் கோயில் முறை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆடி பிறந்தால் பழைய மாலையை எடுத்துவிட்டுப் பச்சைமுத்து தன் கையாலேயே தகரத்தை ஈரத்துணியால் துடைப்பான். காது வெளியே தெரியும். "பாய், பூரி இன்னும் உப்பித்தான் இருக்கு" என்பான். ஷராஃபத் பாய் பக்கத்தில் நின்று சிரிப்பார். கூழ்ப் பானை இறங்கியதும் முதல் சொம்பை ஆத்தாவுக்கு வைத்துவிட்டு, இரண்டாவது சொம்பை அவர் கையில் கொடுப்பான். குடித்துவிட்டு அவர் உப்பு கம்மி என்பார். கம்மியாகத்தான் இருக்கும்.